எய்ட்ஸ் நோயாளிக்கு நர்சிங் ஹோம் செலவை அரசாங்கம் கொடுக்குமா? பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

தங்கச்சி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் உன் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உன் தாய்மாமாவுக்கு 51 வயது. பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டியவர், குடும்பம் கிடையாது. வலிப்பு வந்து விழுந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் எய்ட்ஸ் என்று தெரிந்திருக்கிறது. மூளையில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்று, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருந்து வேலை செய்கிறது, ஆனால் எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். வார்டில் இனி வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்கிறார்கள். உன் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, முட்டி வலி. நீ ஷா ஆலமில் வேலை. போன் போட்ட நர்சிங் ஹோம்கள் எல்லாம் நோயின் பெயரைக் கேட்டதும் இடமில்லை என்றன. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கமே நர்சிங் ஹோம் செலவைக் கட்டுகிறதாமே, இங்கே உண்டா என்று கேட்கிறாய்.

இல்லை. எய்ட்ஸ் நோயாளி நர்சிங் ஹோமில் தங்குவதற்கென்று மலேசியாவில் தனி அரசாங்கப் பணம் கிடையாது. ஆனால் அவர் பெயரில் வாங்கக்கூடிய வேறு பணம் இருக்கிறது, அதில் ஒன்று காலம் தாழ்த்தினால் கைவிட்டுப் போகும். அதனால் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அமெரிக்கக் கதை பிறகு.

உன் மாமா தோட்டத்தில் நேரடி ஆளாக வேலை செய்தாரா, குத்தகைக்காரரிடம் வேலை செய்தாரா என்று நீ எழுதவில்லை. அதை இன்றைக்கே விசாரி. சம்பளத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) சந்தா பிடித்திருந்தால், 60 வயதுக்குள் இருப்பவர் என்பதால் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனு செய்ய முடியும். நோயின் பெயர் அதற்குத் தடையில்லை. முன்பு சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இனி சம்பாதிக்க முடியாத அளவுக்கு, தீராத அல்லது தீர வாய்ப்பில்லாத நிலை என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது சந்தாக் கணக்கு. முழு ஓய்வூதியத்துக்கான ஒரு வழி, மனுக் கொடுத்த மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதம் சந்தா கட்டியிருப்பது. மனுக் கொடுக்கிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள் என்பதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள். ஆள் குணமாகட்டும் பார்க்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால், சந்தா கட்டாத மாதங்கள் ஒவ்வொன்றாக அந்த நாற்பதுக்குள் நுழைந்து கணக்கைத் தின்றுவிடும். நம் தோட்டத்து ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறவிட்டார்கள். எய்ட்ஸ் என்று எழுதிய பாரத்தை முதலாளி பார்ப்பாரே என்ற வெட்கத்தில் மாதங்களைக் கடத்தினார்கள்.

எப்போதும் ஒருவர் கூடவே இருந்து பார்க்க வேண்டிய நிலை என்று மருத்துவக் குழு ஏற்றுக்கொண்டால், ஓய்வூதியத்தோடு மாதம் 500 வெள்ளி கவனிப்பு அலவன்ஸும் உண்டு. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் இருந்தால், இனி வேலை செய்ய முடியாது என்ற காரணத்தைக் காட்டி வயது வரும் முன்பே எடுக்கலாம்.

குத்தகைக்காரர் சொக்சோவே கட்டவில்லை என்றால், அடுத்து சமூகநல இலாகா. மாவட்ட அலுவலகம் கோலசிலாங்கூரில். எச்ஐவி மட்டும் இருந்தால் மாற்றுத்திறனாளி அட்டை தரமாட்டார்கள். ஆனால் கைகால் விழுந்தது உடல் குறைபாடு, அது வந்த காரணம் என்ன என்பது அந்தப் பதிவுக்கு முக்கியமில்லை. நரம்பு டாக்டரோ மறுவாழ்வு டாக்டரோ பாரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அட்டை வந்துவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டும் சிகிச்சையும் இலவசம். படுக்கையில் கிடக்கும் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு என்று தனி உதவித்தொகை ஒன்றும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 350 வெள்ளியிலிருந்து 500 ஆக்கினார்கள். வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மனு உன் அம்மா பெயரில் போகட்டும், பார்த்துக்கொள்பவர் அவர்தானே.

இதற்கெல்லாம் நீ அலைய வேண்டிய முதல் இடம் இலாகா அலுவலகம் இல்லை, ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு. டாக்டர் அனுப்பினால்தான் அவர்கள் வருவார்கள். டிஸ்சார்ஜ் தாளை வாங்குவதற்கு முன்னால், 'வீட்டில் பார்க்க ஆளில்லை, சமூகப் பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும்' என்று வார்டில் கேள். கேட்டதற்காக யாரும் கோபிக்கமாட்டார்கள், அது அவர்களுடைய வேலை. ஆளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அதே அதிகாரியைப் பிடிப்பது பெரும்பாடு.

இனி, அரசாங்க இல்லங்கள் ஏன் உன் மாமாவுக்குக் கதவு திறக்கவில்லை என்று சொல்கிறேன். சமூகநல இலாகா நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லங்களுக்கு 1983இல் போட்ட விதிகள்தான் அடிப்படை. வயது 60 ஆகியிருக்க வேண்டும். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடிய வேண்டும். வாரிசோ நெருங்கிய உறவோ இருக்கக் கூடாது. தொற்றுநோய் இருக்கக் கூடாது. உன் மாமா இதில் எதற்குமே பொருந்தமாட்டார். படுத்த படுக்கையானவர்களுக்கு ரூமா ஏசான் என்று இரண்டு இல்லங்கள் உண்டு, ஒன்று நமக்குப் பக்கத்தில் கோலகுபு பாருவில், இன்னொன்று திரெங்கானு டுங்கூனில். அவையும் ஆதரவே இல்லாதவர்களுக்கானவை. அக்காள் ஒருத்தி இருக்கிறாள் என்பதாலேயே உன் மாமா அங்கேயும் வெளியே நிற்கிறார். அந்த அக்காளால் 60 கிலோ ஆளைத் தூக்கித் திருப்ப முடியுமா என்ற கேள்வி பாரத்தில் இல்லை.

வயது வரம்பு இன்னொரு ஓட்டை. எய்ட்ஸ் நம்மவர்களைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் அறுபதுக்கு முன்பே. முதியோர் உதவித்தொகை, முதியோர் இல்லம் எல்லாம் அறுபதில் ஆரம்பிக்கின்றன. சாலையில் விழுந்து முதுகெலும்பு முறிந்த இளைஞனும் இதே ஓட்டையில்தான் விழுகிறான்.

தனியார் நர்சிங் ஹோம் என்றால் மாதம் இரண்டாயிரம் வெள்ளிக்குக் கீழே கிடைப்பது அரிது. பெம்பர்ஸ், பால்மாவு, கிளினிக்குக் கொண்டுபோகும் வண்டி எல்லாம் தனி. இல்லம் நடத்த அனுமதி கொடுப்பதற்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. பராமரிப்பு மையம் என்றால் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகநல இலாகா, நர்சிங் ஹோம் என்றால் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அமைச்சு. ஆனால் இந்த நோய்க்காக ஓர் ஆளை மறுத்தால் தண்டிக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. இந்தியாவில் 2017இல் எச்ஐவி, எய்ட்ஸுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, சிகிச்சையையும் தங்குமிடத்தையும் மறுப்பதைத் தடை செய்தார்கள். அதனால் நீ போன் போட்ட இடங்களின் மேல் கோபப்படலாம், வழக்குப் போட வழியில்லை.

மருந்து விஷயத்தில் நம் அரசாங்கத்தைக் குறை சொல்லமாட்டேன். எச்ஐவி மருந்து விலை எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில், 2003இல், காப்புரிமையை மீறிப்போக சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்தி இந்தியாவிலிருந்து மலிவு மருந்தைக் கொண்டுவந்தது மலேசியா. 2006 முதல் முதல்நிலை மருந்துகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். மருந்து வாங்க வழியில்லாமல் ஆள் செத்த காலத்தை நான் தோட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளனாக இருந்து பார்த்தவன், அதனால் இதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் மாத்திரை கொடுக்கிற கைக்கும் ஆளைக் குளிப்பாட்டுகிற கைக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுந்து கிடக்கிறது.

அந்த இடைவெளி எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இங்கே மலிவு வீடு ஒன்றில் ஓர் அக்காள் தன் தம்பியை வைத்துப் பார்த்தார். முன்ஹாலில் கோயில் கமிட்டி இரவல் கொடுத்த இரும்புக் கட்டில். படுக்கைப் புண் வரக் கூடாதென்று இரண்டு மணிக்கொரு தரம் திருப்ப வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்கு ஒற்றை ஆளாகத் திருப்பப் பலம் போதாது. தம்பியின் அடியில் பழைய கைத்தறிப் போர்வையை விரித்து, அதன் ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து இழுப்பார். ஆள் திரும்பியதும் முதுகுக்குத் தலையணையை அடைப்பார். இராத்திரிக்கு அலாரம் வைத்துக்கொண்டு எழுவார். பெம்பர்ஸ் ஒரு பாக்கெட் இருபது வெள்ளிக்கு மேல் என்பதால் பகலில் துணி, இரவில் மட்டும் பெம்பர்ஸ். சில மாதங்களில் அந்தத் தம்பி கம்பைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு நடந்தார். இவர்களில் பலர் பிழைத்து எழக்கூடியவர்கள். சாகப்போகிறவருக்கு எதற்குச் செலவு என்று நினைக்கிற அதிகாரிகள் இன்னும் இருக்கிறார்கள், அது முப்பது வருடத்துக்கு முந்தைய நினைப்பு. இன்றைக்கு உன் மாமா மாதிரி ஒருவருக்கு வேண்டியது சில மாத நல்ல கவனிப்பும் பிசியோதெரபியும். அது கிடைத்தால் நடக்க வாய்ப்பு இருக்கிறது. கிடைக்காவிட்டால் எய்ட்ஸ் கொல்லாவிட்டாலும் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் கொன்றுவிடும்.

அரசாங்க கிளினிக்குகளில் 2014 முதல் வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை ஒன்று இருக்கிறது. டிரெஸ்ஸிங், டியூப் மாற்றுவது, கைகால் பயிற்சி சொல்லிக்கொடுப்பது எல்லாம் செய்வார்கள். கட்டாயம் பெயர் கொடுங்கள். ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால்தான் பதிவு செய்வார்கள். அந்த ஆளுக்குப் பதிலாக அவர்கள் வரமாட்டார்கள்.

சரி, இப்போது அமெரிக்கா. நீ கேள்விப்பட்டது பாதி சரி. அங்கே எய்ட்ஸுக்கென்று தனி நர்சிங் ஹோம் உரிமை கிடையாது. 1965இல் ஏழைகளுக்காகத் தொடங்கிய மெடிக்கெய்ட் திட்டத்தில், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போட்டு, ஏழையாகவும் நர்சிங் ஹோம் கவனிப்பு தேவைப்படும் நிலையிலும் இருக்கும் எவருக்கும் செலவைக் கட்டுகின்றன. எய்ட்ஸ் நோயாளியும் அந்தக் கதவு வழியாகத்தான் போகிறார். முதியோருக்கான மெடிகேர் வேறு. அது ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அதிகபட்சம் 100 நாள்தான் பார்க்கும். உடல் முடியாமல் வேலையை விட்ட இளவயதுக்காரர் மெடிகேருக்குள் நுழைய ஐந்து மாதமும் அதற்கு மேல் 24 மாதமும் காத்திருக்க வேண்டும். எண்பதுகளில் எய்ட்ஸ் வந்தவர்களில் பலர் அந்த 29 மாதம் உயிரோடு இல்லை. அதனால்தான் பாரம் முழுக்க மெடிக்கெய்ட் தலையில் விழுந்தது. 1990இல், எய்ட்ஸில் இறந்த ரயன் ஒயிட் என்ற பையன் பெயரில் வந்த சட்டம், வேறு எந்த வழியும் இல்லாதவர்களுக்குக் கடைசி வழியாக நின்றது.

மெடிக்கெய்ட் தாராளம் என்றும் நினைத்துவிடாதே. பல மாநிலங்களில் கையிருப்பு 2,000 டாலருக்கு மேல் இருந்தால் மனு நிற்காது. நர்சிங் ஹோமுக்குள் போனதும் வருமானம் ஏறக்குறைய முழுதும் செலவுக்குப் போகும். கைச்செலவுக்கு விட்டுவைக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையாக மத்திய சட்டம் சொல்வது மாதம் 30 டாலர்.

அங்கேயும் நர்சிங் ஹோம்கள் கதவைச் சாத்தத்தான் செய்தன. இந்த நோயாளிக்கு வேலை அதிகம், கிடைக்கிற காசு ஒன்றுதான் என்றால் யார் சேர்ப்பார்கள்? நியூயார்க் மாநிலம் செய்தது பலன் தந்தது. எய்ட்ஸ் நோயாளியைச் சேர்த்தால் மெடிக்கெய்ட் கூடுதல் கட்டணம் தரும் என்று அறிவித்தது. அதை நம்பி எய்ட்ஸுக்கென்றே பெரிய இல்லங்கள் எழுந்தன. மன்ஹாட்டனில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் 1995இல் ரிவிங்டன் ஹவுஸ் என்ற இல்லம் 219 படுக்கைகளோடு திறந்தது. மேற்கே சியாட்டிலில் 1992இலேயே பெய்லி-பூஷே ஹவுஸ் திறந்திருந்தது, 35 படுக்கைகள். 1996க்குப் பிறகு கூட்டு மருந்து வந்து சாவு குறைந்தது, படுக்கைகளும் காலியாகின. ரிவிங்டன் ஹவுஸ் மூடப்பட்டு 2015இல் கைமாறியது. அந்த இடம் லாபநோக்கமற்ற சுகாதாரப் பணிக்கு மட்டும் என்று பத்திரத்தில் இருந்த நிபந்தனையை நகராட்சி ஏறக்குறைய 16 மில்லியன் டாலர் வாங்கிக்கொண்டு நீக்கியது. உடனே கட்டடம் 116 மில்லியனுக்கு வீடு கட்டி விற்பவர்கள் கைக்குப் போனது. நகரமே கொதித்தது, விசாரணைகள் நடந்தன. பக்கத்துத் தெருக்களில் நர்சிங் ஹோம் வேண்டிய முதியோர் இருக்கத்தான் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்கு அந்தக் கட்டடம் இல்லாமல் போனது.

அதனால்தான், எய்ட்ஸுக்குத் தனி இல்லம் கட்டித் தாருங்கள் என்று தொகுதியின் மக்கள் பிரதிநிதியான ஒய்பியிடம் மனுக் கொடுக்கலாமா என்று நீ கேட்டதற்கு நான் வேண்டாம் என்கிறேன். தனி இடத்தின் கதை நமக்குத் தெரியாததா? சுங்கை பூலோவில் 1930இல் குஷ்டரோகிகளுக்குக் குடியிருப்பு திறந்தார்கள். சாப்பாடு, வீடு, மருந்து எல்லாம் அரசாங்கச் செலவு. ஆனால் போனவர் போனவர்தான், குடும்பம் அறுந்தது. நம் தமிழ் ஆட்களும் அங்கே வாழ்ந்து அங்கேயே அடங்கினார்கள். பணம் கொடுத்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம், பிரித்து வைத்ததை வேண்டாம் என்போம். இப்போது நம் பக்கத்தில் பத்து ஆராங்கில் கத்தோலிக்க அன்பர்கள் இந்த நோயாளிகளுக்காக இல்லம் நடத்துகிறார்கள். மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் வழியாக இப்படிப்பட்ட தங்குமிடங்களை விசாரிக்கலாம். நீயும் அங்கே கேட்டுப் பார். கோயில் நிர்வாகங்களுக்கும் இதில் கடமை உண்டு என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். திருவிழாவுக்குத் திரள்கிற காசில் ஒரு துளி போதும். ஆனால் தர்மத்தை நம்பி எல்லோரையும் விட முடியாது.

கேட்க வேண்டியது இதுதான்: பணம் கட்டடத்துக்குப் போகாமல், ஆளுக்குப் போகட்டும். இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. ஏழை நோயாளி தொண்டு நிறுவன டயாலிசிஸ் மையத்தில் இரத்தம் சுத்திகரிக்கும் ஒவ்வொரு முறைக்கும் சுகாதார அமைச்சு 50 வெள்ளி மானியம் கொடுத்து வந்திருக்கிறது. அதே மாதிரி, அங்கீகாரம் பெற்ற எந்த நர்சிங் ஹோமும் ஏழை நோயாளியை ஏற்றுக்கொண்டால் நாளுக்கு இத்தனை வெள்ளி, ஆறு மாதம் வரை, பிறகு மறுபரிசீலனை என்று கொடுக்கலாம். எய்ட்ஸ் என்றில்லை, பக்கவாதமோ, விபத்தோ, எந்த வயதோ. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்புக்கு நாம் கட்டுவது நாளுக்கு 3 வெள்ளி, மிச்சச் செலவெல்லாம் அரசாங்கத்தின் தலையில். டாக்டர் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்த நோயாளி அந்தப் படுக்கையில் வாரக்கணக்கில் கிடப்பதைவிட இது மலிவு. கூடவே 1983ஆம் ஆண்டு விதியில் இருக்கும் 'தொற்றுநோய்' என்ற சொல்லுக்கு வரம்பு போட வேண்டும். காற்றில் பரவும் நோய்க்குப் பயந்து எழுதியதை, தொட்டால் பரவாத நோய்க்கு நீட்டுவதில் நியாயமில்லை. இதற்குப் புதிய சட்டமே வேண்டாம், விதியைத் திருத்தினால் போதும்.

சிவப்பு அடையாள அட்டைக்காரர்களை மறந்துவிடாதீர்கள் என்றும் மனுவில் எழுது. இந்த மண்ணிலேயே பிறந்து, பால் மரம் வெட்டி, இன்னும் குடியுரிமை வராதவர்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். மேலே சொன்ன சமூகநல உதவிகள் குடிமக்களுக்கானவை. அவர்கள் படுத்தால் நிலைமை உன் மாமாவைவிட மோசம்.

கடைசியாக, உன் சித்தப்பா சொன்ன யோசனை. பக்கவாதம் என்று மட்டும் சொல்லி நர்சிங் ஹோமில் சேர்த்துவிடலாமே என்கிறாராம். அவர் கஷ்டம் புரிகிறது, ஆனால் செய்யாதே. எச்ஐவி மாத்திரை ஒரு வேளைகூடத் தவறாமல் போக வேண்டும், வலிப்பு மருந்தோடு அது மோதலாம், அங்கே கொடுக்கிற நர்ஸுக்குத் தெரிந்தாக வேண்டும். மாத்திரைப் பாட்டிலைப் பார்த்தே ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள், அன்றைக்கு ஆளைக் கொண்டுவந்து வாசலில் விட்டால் உன் அம்மா என்ன செய்வார்? அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்துக்கொள்கிறவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெயரைச் சொல்லி வெறுங்கையோடு போன் போடுவதற்குப் பதில், கடிதத்தோடு நேரில் போ. தொற்றுநோய்ப் பிரிவு டாக்டரிடம் இப்படி எழுதித் தரச் சொல்: எச்ஐவி மருந்து தொடங்கிய தேதி, கடைசி வைரஸ் அளவு, டாக்ஸோபிளாஸ்மா இவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது, காசநோய் இல்லை அல்லது சிகிச்சையில் இருப்பதால் சளி மூலம் பரவும் நிலை இல்லை, இரத்தம் பட்டால் கையுறை போடுவது போன்ற எல்லா நோயாளிக்கும் உரிய வழக்கமான பாதுகாப்பே போதும், அடுத்த கிளினிக் தேதி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய வார்டு. ஒரு பக்கத்துக்குள், மலாயில், முத்திரையோடு. வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்க சில மாதம் ஆகலாம். இப்போது இறங்காவிட்டாலும் கடிதத்தை வாங்கு, இறங்கியதும் புதிதாக ஒன்று வாங்கு. இல்லத்தின் பொறுப்பாளர் முன்னால் அதை வைத்துவிட்டு, சொக்சோ மனுக் கொடுத்த ரசீதையும் பக்கத்தில் வை. மாதாமாதம் பணம் எங்கிருந்து வரும் என்ற பயம்தான் பாதி இடங்களில் நோயின் பெயரைச் சாக்காகச் சொல்ல வைக்கிறது.

சொக்சோ பாரத்தில் முதலாளி கையெழுத்துப் போட மறுத்தாலோ, குத்தகைக்காரர் ஆளே தெரியாது என்றாலோ, மாமாவின் சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு நேராக சொக்சோ அலுவலகத்துக்குப் போ. சந்தா கட்டாமல் விட்டது முதலாளியின் குற்றம், அதை அங்கேயே புகாராகப் பதிந்துவிட்டு வா.